குடியை நிறுத்திய பிறகு, ஏழு மணிக்கு எங்கே போவது?

கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறவர்களில் தெருவுக்கு ஒருவராவது தினமும் குடிக்கிறவராக இருப்பார். வருஷம் முழுக்க மனைவி அழுதும், அம்மா பிள்ளைமேல் சத்தியம் வாங்கியும், டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டிப் பயமுறுத்தியும் விடாத மனுஷன், ஒரு மண்டலம், 48 நாள், தொடாமல் இருப்பார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே பழையபடி ஆரம்பித்துவிடுவார். ‘எல்லாம் சாமி பயம்’ என்று சிரித்துவிட்டுப் போவது நம் வழக்கம். சாமி பயத்துக்கும் ஒரு பங்கு உண்டுதான். ஆனால் அந்த 48 நாளில் வேறு என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். விடியற்காலையில் குளியல். சாயங்காலமானால் பஜனை, கூட உட்கார நாலு பேர். எல்லாரும் அவரை ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். மனசு தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி இருக்கிறார். கறுப்பு வேட்டியைப் பார்த்தால் செட்டு ஆட்கள் கூப்பிடவே மாட்டார்கள். மாலை கழன்றதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. அதே செட்டு, அதே கடை, அதே ஏழு மணிதான் மிச்சம்.

குடியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்திய பிறகு அந்த ஏழு மணியை என்ன செய்வது என்பது வேறு வேலை. முதல் வேலைக்கு நம் ஊரில் ஆஸ்பத்திரி, கயிறு கட்டும் கோயில், சத்தியம், மாத்திரை என்று பல வழி சொல்வார்கள். இரண்டாவதற்கு வழி கேட்டால், ‘மனசு வைக்கணும்’ என்பதோடு முடித்துக்கொள்வார்கள். உள்ளூர் உதவிக் குழு அந்த இரண்டாவது வேலைக்கானது. குடித்து நிறுத்தியவர்களும், நிறுத்த நினைக்கிறவர்களும் வாரந்தோறும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுகிற கூட்டம் அது.

அதற்குள் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் முதலில் போக வேண்டியது டாக்டரிடம். பல வருஷம் தினமும் குடித்த உடம்புக்குத் திடீரென்று மது நின்றுபோனால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, இல்லாத ஆள் நிற்பதுபோலத் தெரிவது, உடம்பில் பூச்சி ஊர்வதுபோல இருப்பது, காய்ச்சல், புத்தித் தடுமாற்றம் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மாத்திரையும், தயமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுத்து இந்தக் கண்டத்தைத் தாண்ட வைத்துவிடுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் உண்டு. இன்னொன்று: ‘அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கும் பொடிகளை வாங்கவே வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. மதுவோடு சேர்ந்தால் உடம்பில் கடுமையான எதிர்வினையை உண்டாக்கும் டைசல்பிராம் வகை மருந்தாக இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவைத்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

இந்தக் குழுக்களில் உலகெங்கும் பரவியிருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்), சுருக்கமாக ஏ.ஏ. அது தொடங்கிய விதத்தைத் தெரிந்துகொண்டால் அது என்ன செய்கிறது என்பது பாதி புரிந்துவிடும். 1935 மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பங்குச்சந்தைத் தரகர் பில் வில்சன், குடியை நிறுத்தி ஐந்து மாதம் ஆன நிலையில், ஒரு வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்குப் போகிறார். வந்த காரியம் கெட்டுப்போகிறது. ஓட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார், ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். ‘இப்போது நான் பேச இன்னொரு குடிகாரன் வேண்டும்’ என்று அவருக்குத் தோன்றுகிறது. அங்கே மாட்டியிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துப் போன் போட ஆரம்பிக்கிறார். சுற்றி வளைத்து ஒரு பெண்மணி மூலமாக டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர்கிறார். கால் மணி நேரம்தான் உட்காருவேன் என்று வந்த டாக்டர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை சறுக்கிய டாக்டர் கடைசியாகக் குடித்தது ஜூன் 10. அதைத்தான் இயக்கம் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். வில்சன் அங்கே யாரையும் திருத்தப் போகவில்லை, தான் தப்பிக்கத்தான் போனார். இன்றைக்கும் கூட்டத்தில் பழைய உறுப்பினர்கள் புதிதாக வருகிறவரை அவ்வளவு ஆசையாக வரவேற்பது இதனால்தான். அவருடைய வரவு இவர்களுக்கும் மருந்து.

இந்தியாவுக்கு இது 1957-இல் டெல்லி வழியாக வந்தது. இன்று தமிழ்நாட்டில் சென்னையிலும் பல ஊர்களிலும் தமிழ்க் கூட்டங்கள் நடக்கின்றன. சென்னையில் ஆங்கிலக் கூட்டங்களும் உண்டு.

சரி, அது எங்கே நடக்கிறது? இங்கேதான் பல பேர் தடுக்கி நிற்கிறார்கள். ஏ.ஏ. தன்னை விளம்பரம் செய்துகொள்வதில்லை. அது அவர்கள் கொள்கை. பெரிய போர்டு இருக்காது. பெரும்பாலும் சர்ச் வளாகத்தின் பின்பக்க அறையிலோ, பள்ளிக்கூட வகுப்பறையிலோ, மறுவாழ்வு மையத்தின் ஹாலிலோ நடக்கும். கேட்டில் சின்னதாக இரண்டு எழுத்து எழுதி ஒரு அம்புக்குறி போட்டிருந்தால் அதிகம். சர்ச் என்றதும் மதம் மாற்றிவிடுவார்களோ என்று வீட்டில் பயப்படுவார்கள். சாயங்காலம் காலியாக இருக்கும் அறை, வாடகை குறைவு, அவ்வளவுதான் காரணம். அந்த வாடகையையும் குழு தன் கைக்காசிலிருந்து கொடுத்துவிடும்.

தேட நல்ல வழி ஆட்கள்தான். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் மறுவாழ்வு மையங்களிலும் இருக்கும் சமூகப் பணியாளருக்கு உள்ளூர்க் கூட்டங்கள் அத்துப்படி. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. தமிழில் மனநல ஆலோசனை தரும் 14416-லும் கேட்கலாம். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஆனால் பட்டியலை நம்பி நேரே கிளம்பிவிடாதீர்கள். நாளும் இடமும் மாறியிருக்கலாம், பட்டியலில் அது ஏறியிருக்காது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு முதல் தடவையாகப் போகிற ஆள் பூட்டிய கேட்டைப் பார்த்தால், அங்கிருந்து நேராக எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. போன் போட்டு, ‘இந்த வாரம் உண்டா?’ என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

போன் என்றதும் ஒரு சின்ன ஆய்வு ஞாபகம் வருகிறது. 1981-இல் அமெரிக்காவில் சிசன், மல்லம்ஸ் என்ற இருவர் செய்தது. மொத்தமே 20 பேர். ஒரு பாதிப் பேரிடம் கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, அவசியம் போங்கள் என்று அனுப்பினார்கள். இன்னொரு பாதிக்கு, ஆலோசகர் தன் அறையிலேயே ஒரு ஏ.ஏ. உறுப்பினருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அந்த உறுப்பினர் ‘நான் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன்’ என்றார். முதல் வகையில் ஒருவர்கூடப் போகவில்லை, இரண்டாம் வகையில் எல்லாரும் போனார்கள். 20 பேரை வைத்து உலகத்தையே அளக்க முடியாதுதான். ஆனாலும் நம் டாக்டர்கள் சீட்டின் கீழே ‘அட்டெண்ட் ஏ.ஏ.’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 20 பேர் நினைவுக்கு வருவார்கள். எழுதிக் கொடுப்பதற்குப் பதில் ஒரு போன். அதற்கு இரண்டு நிமிஷம் போதும்.

உள்ளே என்ன நடக்கும்? பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகள் அச்சடித்த துணி பேனர், ஓரத்தில் டீ பிளாஸ்க். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அவர் தலைவர் கிடையாது, முறை வைத்து மாறும். சற்று நேரம் மௌனம். பிறகு ஏ.ஏ. என்றால் என்ன என்ற சின்ன முன்னுரையை வாசிப்பார்கள். உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான்: குடியை விட வேண்டும் என்ற ஆசை. விட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்புறம் ஒவ்வொருவராக, ‘என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கி ஐந்து பத்து நிமிஷம் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசமாட்டார்கள், புத்திமதி சொல்லமாட்டார்கள். நம் ஊரில் ஒரு மனுஷன் பத்து நிமிஷம் புத்திமதி கேட்காமல் தன் குடியைப் பற்றிப் பேசக் கிடைக்கிற இடம் வேறு எது என்று யோசித்தால் தெரியும், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று. பேச விருப்பமில்லை என்றால் பேரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கையெழுத்து, ஆதார், பதிவேடு எதுவும் கிடையாது. நடுவில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும், முடிந்தவர்கள் போடுவார்கள். முதல் தடவை வந்தவர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பதும் கொள்கை. முடிவில் எழுந்து நின்று, மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியையும் முடிந்ததை மாற்றும் துணிவையும் கேட்கிற ஒரு சின்னப் பிரார்த்தனை. அதற்குப் பிறகு டீ.

அந்தப் பேச்சில் என்ன இருக்கும்? பெரிய தத்துவம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சம்பளத் தேதியன்று வழக்கமான ஸ்டாப்பில் இறங்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறேன், ஏனென்றால் வழியில் கடை இருக்கிறது என்பார் ஒருவர். மச்சினன் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடியில் பாட்டில் திறந்தபோது, பந்தியில் பரிமாறப் போகிறேன் என்று கீழே இறங்கிவந்த கதையைச் சொல்வார் இன்னொருவர். சாவு வீட்டில் என்ன செய்வது என்பது அடிக்கடி வரும் பேச்சு. பங்காளி செத்துவிட்டால் போகாமல் இருக்க முடியாது. எடுக்கும்வரை ஆண்கள் பின்பக்கம் குடித்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் மட்டும் வேண்டாம் என்றால் ‘துக்கத்துக்குக்கூட இல்லையா?’ என்பார்கள். இதற்கு எந்த மருத்துவப் புத்தகத்திலும் பதில் இல்லை. ‘போங்க, மாலை போட்டுட்டு உடனே கிளம்புங்க, கருமாதிக்குக் காலைல போங்க’ என்று சொல்ல, அதைச் செய்து பார்த்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அந்த அறையில் இருப்பார். அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு வருவதுதான், என்னைக் கேட்டால், முதல் கூட்டத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலை. முதல் கிளாஸுக்கு முன்னால் கூப்பிட வேண்டும், அதற்குப் பிறகு கூப்பிட்டுப் பயன் குறைவு. இப்படித் தொடர்ந்து துணை நிற்கும் பழைய உறுப்பினரை ஸ்பான்சர் என்பார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது நல்ல வழக்கம். அவர் பணம் தருபவர் இல்லை. கைமாத்து கேட்பதும் கொடுப்பதும் குழுவுக்குள் நுழைந்துவிட்டால் அந்த உறவு சீக்கிரம் கெடும். அனுபவசாலிகள் இதில் கறாராக இருப்பார்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருகிறதா? நெடுநாள் சந்தேகம் இருந்தது. ஏ.ஏ. கணக்கு வைப்பதில்லை, வருகிறவர் யார் என்று கேட்பதில்லை. அப்புறம் எப்படி அளப்பது? 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு, சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.-க்கு முறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருஷம் கழித்தும் முழுதாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்ற உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் 35 சதவீதம். வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனால் அந்தச் சிகிச்சை கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓர் இலவசக் கூட்டத்தில் என்பதை மறந்துவிடக் கூடாது. இதே துறையில் ஆராய்ந்தவர்கள், பலன் எந்த வழியாக வருகிறது என்றும் தேடினார்கள். பன்னிரண்டு படிகளின் ஆன்மிகம் சிலருக்குக் கைகொடுத்தாலும், பெரிய பங்கு சேர்க்கையை மாற்றுவதில் இருந்தது: குடிக்கிற நண்பர்கள் குறைந்து, குடிக்காத நண்பர்கள் கூடுவது.

கடவுள் விஷயத்தைத் தொட்டாக வேண்டும். பன்னிரண்டு படிகளில் பல இடத்தில் கடவுள் வருகிறார், ‘நாம் புரிந்துகொண்டபடி’ என்ற அடைமொழியோடு. பெரியார் படம் மாட்டிய வீட்டிலிருந்து வருகிறவருக்கு இது நெருடும். குழுவையே தனக்கு மேலான சக்தியாக வைத்துக்கொள்ளலாம் என்று பழையவர்கள் சொல்வார்கள், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அது ஒரு சமாதானம்தான் என்றாலும் வேலை செய்கிற சமாதானம். முற்றிலும் கடவுள் இல்லாத குழு வேண்டுமென்றால் 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இணையம் வழியாகச் சேரலாம். தமிழில், நடந்து போகும் தூரத்தில், இப்போதைக்கு ஏ.ஏ.-தான்.

பெயர் மறைப்பு இன்னொரு சிக்கல். சென்னையில் ஒருவர் அடையாறில் இருந்துகொண்டு பெரம்பூர்க் கூட்டத்துக்குப் போகலாம், யாருக்கும் தெரியாது. சின்ன ஊரில் அது நடக்குமா? டூவீலரை நிறுத்தும்போதே யார் வண்டி என்று தெரிந்துவிடும். ஆனால் இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கடை வாசலில் தினமும் நிற்கும்போது பார்த்த அதே ஊருக்குத்தான், கூட்டத்துக்குப் போனால் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறோம். ஜப்பானில் 1963-இல் நாடு தழுவிய அமைப்பாகச் சேர்ந்த டான்ஷுகாய் என்ற குழுக்கள் பெயர் மறைப்பையே எடுத்துவிட்டன. சொந்தப் பெயரோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். குடும்பத்தை விட்டுவிட்டு ஒரு ஆள் தனியாகத் திருந்துவது நடக்காத காரியம் என்று அவர்கள் நினைத்தார்கள். நமக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

இதை நம் ஊரிலேயே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய அமைப்புதான் இந்திரா நகரின் டி.டி.கே. மருத்துவமனையை நடத்துகிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. 1989-இல் அவர்கள் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டார்கள். ஆளைக் கிராமத்திலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து குணமாக்கித் திருப்பி அனுப்பாமல், சிகிச்சையையே கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். முகாம் முடிந்தபின் அவரை நாள்தோறும் பார்க்கப்போவது அந்த ஊர்தானே, அதனால் ஊரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

குடும்பம் என்ற பேச்சு வந்ததால் பெண்களைப் பற்றி. குடிப்பவரின் மனைவி, அம்மா, அப்பாவுக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. 1951-இல் வில்சனின் மனைவி லோயிஸும் அவருடைய தோழி ஒருவரும் ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு அலட்டீன். குடிக்கிறவர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாலும் வீட்டார் போகலாம். அவர் குடிப்பதற்கு நீ காரணம் இல்லை என்று ஒரு பெண்ணுக்குச் சொல்ல ஊரில் வேறு ஆள் கிடையாது. தானே குடிநோயாளியாக இருக்கும் பெண்ணின் நிலைமைதான் மோசம். ஆண்கள் நிறைந்த அறைக்குள் அவர் வருவது எளிதில்லை. பெண்கள் கூட்டம் நகரங்களில் மட்டும், அதுவும் அரிதாக. அவர்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் பெரிய வசதி. வீடியோவை அணைத்துவிட்டு, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

மறுவாழ்வு மையம் என்ற பெயரில் ஆளை ராத்திரியோடு ராத்திரியாக வேனில் தூக்கிப்போகிற இடங்கள் இருக்கின்றன. அடி உதையும் உண்டு, உயிர் போன செய்திகளும் வந்திருக்கின்றன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். ஏ.ஏ. இதிலெல்லாம் சேராது. அது யாரையும் அடைத்து வைக்காது, யாரிடமும் கட்டணம் வாங்காது. ஏ.ஏ. பெயரைச் சொல்லி ஒருவர் பணம் கேட்டால் அவர் ஏ.ஏ. இல்லை.

தேவைக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு? எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளிவந்தபோது, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். தமிழ்நாட்டில் மட்டும் டாஸ்மாக் கடைகள் நான்காயிரத்துக்கு மேல், பகல் 12 முதல் இரவு 10 வரை. அமெரிக்காவில் புதிதாக வருகிறவரிடம் 90 நாளில் 90 கூட்டம் என்பார்கள். அங்கே தினம் ஒரு கூட்டம் கிடைக்கும். இங்கே ஒரு நடுத்தர ஊரில் வாரம் ஒன்று நடந்தாலே பெரிசு. மிச்ச ஆறு நாளைப் போனிலும் இணையவழிக் கூட்டத்திலும் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு குணம். ஒன்றில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் அதிகம், ஒன்றில் ஆட்டோ ஓட்டுநர்கள் அதிகம். ஐந்தாறு வாரம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பக்கத்தில் கூட்டமே இல்லாத ஊர்க்காரர் என்ன செய்வது? ஏ.ஏ. கொள்கைப்படி, குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு குழு. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பக்கத்து ஊர்க் குழுவுக்குச் சொன்னால் முதல் சில வாரத்துக்கு இரண்டு பேர் பஸ் ஏறி வந்துவிடுவார்கள், தமிழில் அச்சடித்த முன்னுரையும் படிகளும் கொண்டுவருவார்கள். பள்ளிக்கூடத்து ஹெச்.எம்.மிடமோ பங்குத் தந்தையிடமோ ஜமாத்திலோ கேட்டு, சாயங்காலம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு அறை பிடிக்க வேண்டும். கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்துவிட்டு மாற்றாமல் இருக்க வேண்டும், யாருமே வராத வாரத்திலும்.